நேரில் தெரியும்

ஐந்து பேருக்கு 'லேட்' போட்டிருந்தார் கோதண்டபாணி. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது நான்கு பேருக்குத்தான் இருந்தது.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் வரைந்த வம்சாவளி அது. மேலே ஜார்ஜ் ரெட்ஃபர்ன் துரை, பக்கத்தில் மனைவி மேரி, கீழே கிளை பிரிந்து எட்வின், ஆல்பர்ட், ஹாரியட். செத்தவர் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'லேட்' என்று போடுவது பத்திரம் எழுதுகிறவர்களின் வழக்கம். ஆம்பூரில் பஸ்ஸும் லேட், பரலோகம் போனவரும் லேட் என்று அவர் முப்பது வருடமாக ஒரு ஜோக் சொல்லி வருகிறார். அதற்குக் கடைசியாக யார் சிரித்தார்கள் என்பது அவருக்கே நினைவில்லை.

இப்போது ஹாரியட்டின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறி இருந்தது. அதற்குள் எதுவும் இல்லை. அழித்த தடம் இல்லை, மை கலையவில்லை. இரண்டு வளைவு, நடுவில் வெறும் தாள்.

வயசாகிறது என்று சொல்லிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்க அதையே தேடுகிற ஆள் அவர். பேனாவை எடுத்து மறுபடி எழுதினார். கொஞ்சம் அழுத்தியே எழுதினார்.

அந்தத் தாளிலிருந்த ஐந்து பேரும் செத்துப்போயிருக்க வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப முக்கியம். மனிதாபிமானத்தில் சேர்த்தியில்லாத ஆசைதான். ஆனால் அவர் குடியிருந்த வீடு ரெட்ஃபர்ன் துரையின் பங்களா காம்பவுண்டுக்குள் இருந்தது. ஊர் வாயில் துரையின் பெயர் நுழையவில்லை; அது ரொட்டிபன் காம்பவுண்டு ஆகி நூறு வருடமாகிறது. பங்களா எப்போதோ இடிந்து விழுந்து, அதன் தேக்குக் கதவுகள் எந்தெந்த வீட்டிலோ ஏறிவிட்டன. பின்பக்கம் வேலைக்காரர்களுக்கென்று கட்டிய நான்கு வீடுகள் மட்டும் மிச்சம். அதிலொன்றில் கோதண்டபாணி பிறந்தார். ஆனால் நிலப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இன்றைக்கும் ஹாரியட் அம்மாள், தகப்பனார் ஜார்ஜ் துரை.

போன மாதம் நோட்டீஸ் வந்தது. உரிமை காட்டுங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள். தாலுகா அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து நிலத்து மனுக்களையெல்லாம் தீர்த்து வைக்கும் ஜமாபந்திக்கு நாளைதான் கடைசி நாள். துரை வம்சத்தில் ஒரு உயிரும் மிச்சமில்லை என்று நாளைக்குக் காட்டிவிட்டால் நான்கு குடித்தனத்துக்கும் பட்டா. காட்டாவிட்டால் தெரு.

தெரு அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஊரில் பாதிப்பேர் திண்டாட்டத்தைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தவர், தன் திண்டாட்டத்தையும் எழுதிக்கொண்டு போவார். பூவம்மாள்தான் விஷயம். சர்க்கரை நோய் அவளுடைய கண்ணை எடுத்துக்கொண்டு நான்கு வருடம். இந்த வீட்டில் அவளுக்குக் கண் வேண்டாம். இடது கையைச் சுவரில் வைத்தால் போதும். கட்டிலிலிருந்து அடுப்புக்குப் போவாள், சாமி படத்துக்கு விளக்கேற்றுவாள், ரசத்துக்குத் தாளித்துக் கொட்டுவாள். நான்கு வருடம் அந்தக் கை தடவித் தடவி, சுண்ணாம்புச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுத்த கோடு வீட்டைச் சுற்றி ஓடியது. போன தையில் திருப்பத்தூரில் அவள் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் கூட்டிப்போனார். ஏழு நாளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. யாரோ மறந்து விட்டுப்போன பை மாதிரி.

நோட்டீஸ் வந்ததும் அந்த நாற்காலிதான் நினைவுக்கு வந்தது; அன்றைக்கே அவர் ரெட்ஃபர்ன் குடும்பத்தைத் தேடத் தொடங்கினார்.

பதிவு அலுவலகத்தில் உயில்களுக்கென்றே இருக்கும் மூன்றாம் புத்தகத்தில் ஜார்ஜ் துரை கிடைத்தார். மலையில் காபித் தோட்டம் போட்டார். இலையில் நோய் விழுந்து தோட்டம் போனது. கீழே இறங்கி வந்து தோல் பதனிடுகிறவர்களுக்கு ஆவாரம் பட்டை சேகரித்துக் கொடுத்தார். 1909இல் போய்ச் சேர்ந்தார். மேரி அவருக்கு முந்தியே காலரா. எட்வின் சண்டைக்குப் போய்ச் செத்தான்; அவன் உயில் ஒரே பக்கம், குதிரையைச் சமையல்காரனுக்கு எழுதி வைத்திருந்தான். அந்த ஒரு பக்கத்தைக் கோதண்டபாணி மூன்று தடவை படித்தார். அதற்காகத் தன்னையே கேலி செய்துகொண்டார். ஆல்பர்ட் கப்பலேறி ஆஸ்திரேலியா போய், கல்யாணமாகாமலே முடிந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் இருந்தது. ஒரு தேதி இருந்தது.

ஹாரியட்டுக்கு மட்டும் இல்லை. பிறந்தது 1884. தகப்பன் உயிலில் ஒரு வரி: கீழ் பங்களாவையும் காம்பவுண்டையும் என் மகள் தன் ஆயுள் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதன்பின் 1931இல் ஒரு குத்தகைச் சீட்டில் கையெழுத்து, சாய்ந்த அழகான எழுத்து. அத்தோடு சரி. வேலூர், ஆம்பூர் சர்ச் புத்தகங்களில் அவளைப் புதைத்த பதிவு இல்லை. நகராட்சியில் இல்லை. கல்லறைத் தோட்டங்களில் முள்செடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். கல் இல்லை.

"செத்ததுக்கு ரெக்கார்டு இல்லன்னா உயிரோட இருக்காங்கன்னுதான் சார் அர்த்தம்" என்றாள் தாலுகா அலுவலகத்துப் பெண்.

"நூத்தி நாப்பத்தியோரு வயசும்மா."

"அதெல்லாம் நான் சொல்ல முடியாதுங்களே. அவங்கள நேர்ல தெரிஞ்சவங்க ரெண்டு பேரு எழுதிக் குடுங்க, எடுத்துக்கறோம்."

எழுதுவதுதானே அவர் தொழில். நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டார். 'ஷை ஹாரியட் அம்மாளை எனக்குச் சிறுவயது முதல் நேரில் நன்றாகத் தெரியும். ஷை நபர் 1973ஆம் வருடம் ஷை இடத்தில் என் முன்னிலையில் காலமானார். ஷை நபருக்கு வாரிசு யாரும் இல்லை.' ஷை என்றால் மேற்படி. இப்போது யாரும் எழுதுவதில்லை. அவருக்கு அந்த எழுத்தின் சுழி பிடிக்கும்.

காலையில் டீக்கடையில் வைத்துக் கன்னியப்பனிடம் கையெழுத்து வாங்கினார். ரிட்டயரான தலையாரி, கண்ணாடி இல்லாததால் படிக்காமலே போட்டார். இரண்டாவது கையெழுத்து பக்கத்து வீட்டு பில்கிஸ் போட்டிருந்தால் அவர் எழுதிக் கொடுத்தவராக மட்டும் நின்றிருக்கலாம்.

பில்கிஸ் வாசற்படியில் உட்கார்ந்து கம்பெனிக்கு ஷூவின் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தாமல் சொன்னாள். "படிச்சிக் காட்டுங்கண்ணா."

படித்துக் காட்டினார்.

"நீங்க அந்தம்மாவப் பாத்தீங்களா?"

"அது பத்திரத்து பாஷைம்மா. அப்டித்தான் எழுதுவோம்."

"பாத்தீங்களா இல்லியா?"

"அப்ப எனக்கு ஆறு வயசு."

"நான் வயசக் கேக்கலண்ணா." அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "வீடு போச்சுன்னா எனக்குத்தான் பேஜார் ஜாஸ்தி. மூணு பொண்ணுங்கள வச்சிக்குனு எங்க போவேன்? ஆனா தெரியாதவங்கள தெரியும்னு சொல்லிட்டா, அப்றம் தெரிஞ்சவங்களாத்தான் நடந்துக்கணும். அது என்னால முடியாது."

"உன்னயெல்லாம் சாட்சியா வச்சா ஒரு கல்யாணம் கூட நடக்காது" என்று சொல்லிவிட்டு வந்து, இரண்டாவது கையெழுத்தையும் தானே போட்டார். கோ. கோதண்டபாணி என்று எழுதப்போய், அப்பா பெயர் எத்திராஜுலு என்பது நினைவுக்கு வந்து, எ. என்று திருத்தினார். முதலிலேயே ஒரு தடுமாற்றம். அப்போது அதை அவர் சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்தினார்.

இப்போது மணி நாலரை. வைகாசி வெயில் மதியமே அணைந்துவிட்டது. ஏலகிரிப் பக்கமிருந்து எழும்பிய மேகம் வந்து ஊர்மேல் உட்கார்ந்துகொண்டு, பெய்யவும் இல்லாமல் போகவும் இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் குடித்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"ரைட்டரே." கன்னியப்பன். "அந்தப் பேப்பர்ல என் கையெழுத்த அடிச்சிடு."

"இன்னாண்ணா, காலைலதான போட்டீங்க. மையே காயல."

"ஒரு அம்மா வந்துச்சு."

"எந்த அம்மா?"

"மூஞ்சி தெரியல. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி வாசல்ல நின்னுச்சு. கன்னியப்பன், தகப்பனார் பெயர் சின்னப்பையன்னு முழுசா சொல்லிச்சு. பத்திரம் படிக்கிறாப்ல. சொல்லிட்டு, ஷை நபரை நேரில் அறிவீர்களான்னு கேட்டுச்சு."

கோதண்டபாணி சிரிக்கப் பார்த்தார். "நம்ம ஆபீஸ் பசங்க எவனாவது ஆள் செட் பண்ணி…"

"கேளு பாணி. சத்தியமா தெரியாது தாயே, அறியாம போட்டுட்டேன்னு கால்ல விழுந்தேன். சரின்னு போய்டுச்சு. போறப்ப உன் வீட்டச் சொல்லிச்சு. நான் கேக்கல. தானா சொல்லிச்சு. நாலு எல்லையும் சொல்லிச்சு. வடக்கே பில்கிஸ் வீடு, தெற்கே கிணறு, கிழக்கே ரோடுன்னு."

"மேற்கே?"

"மேற்கே நான்னு சொல்லிச்சு."

போனை வைத்த பிறகு அவர் மேற்கே பார்க்கவில்லை. மேற்கே அடுப்பங்கரை. அதன் பின்கதவு. அதற்கப்பால் இடிந்த பங்களாவின் மேடு, மூடிப்போன ஒரு தோல் கிடங்கின் சுவர், அப்புறம் பாலாற்று மணல். சின்ன வயதிலிருந்து பார்த்த மேற்கு. அவர் மேஜையைப் பார்த்தார். காலண்டர் தாளில் ஹாரியட்டின் பெயருக்கு முன்னால் இப்போது அடைப்புக்குறியும் இல்லை.

கிழவன் கண்ணாடி இல்லாமல் எதையோ பார்த்திருக்கிறான். கையெழுத்துப் போட்ட பயம். தாள் விஷயம் கண்கோளாறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதிக்கொண்டே வந்தார், மனுவுக்குப் பதில் எழுதுகிற மாதிரி; தொழில்காரர் அல்லவா, காரணங்கள் வரிசையாக வந்தன. வந்துகொண்டிருக்கும்போதே ஏதோ ஒன்று குறைந்ததை உணர்ந்தார். மின்விசிறி ஓடுகிறது. தெருவில் ஷேர் ஆட்டோ போகிறது. பில்கிஸ் வீட்டில் குக்கர் கத்துகிறது. சத்தம் எதுவும் குறையவில்லை. பிறகு புரிந்தது. நாற்றம்.

பச்சைத் தோலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடை ஆம்பூர்க்காரனுக்குத் தெரியாது. வெளியூர் மாப்பிள்ளைகள் மூக்கைப் பொத்தும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். ஐம்பத்தெட்டு வருடமாக அவர் இழுத்த ஒவ்வொரு மூச்சிலும் இருந்தது. இப்போது இல்லை. காற்று கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. அந்தச் சுத்தம் மூக்கின் வழியாக ஏறி நெற்றிக்குள் குளிர்ந்தது. தோல் பட்டறைகள் ஊரெங்கும் பெருகுவதற்கு முந்தைய காற்று. யாரோ அதைக் கூடவே கொண்டு வந்திருந்தார்கள்.

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. தெருவில் ஆட்டோ போன சத்தம் தேய்ந்து, அதற்கப்புறம் வேறு வண்டி வரவில்லை. குக்கரின் மூன்றாவது விசிலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

அடுப்பங்கரையில் பூவம்மாள் பேசினாள்.

"வாங்க, வாங்க. படி ஒன்னு இருக்குது, பாத்து."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க நினைத்தார்.

"பூவு." என்றார். மறுபடி. "பூவு, யாரு?"

"யாரோ பெரியம்மாங்க. பின்பக்கமா வந்திருக்காங்க. உங்களுக்கு நேர்ல தெரிஞ்சவங்களாம்."

நடைவழியில் எட்டு அடி. அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டே போனார். மனைவியின் கை போட்ட கோட்டின்மேல் அவர் கை. அடுப்பங்கரை நிலைப்படியில் நின்றார். பின்கதவு திறந்து கிடந்தது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் ஒரு உருவம், முதுகை வெளிச்சத்துக்குக் காட்டி, வாசலுக்கு வெளியிலேயே நின்றது. நீளக் கவுன். உயரம். ஒரு கை மட்டும் உள்ளே நீண்டிருந்தது. அந்தக் கையைப் பூவம்மாள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கை எம்மாம் லேசா இருக்குது பாருங்க. காகிதம் மாதிரி. சாப்ட்டாங்களோ இல்லியோ."

"பூவு, கைய விடு."

"இன்னாங்க இது, வந்தவங்கள…"

"கோதண்டபாணி" என்றது உருவம். "தகப்பனார் பெயர் எத்திராஜுலு. ஷை நபரைத் தாங்கள் நேரில் அறிவீர்களா?"

குரலில் வயது இல்லை. துரைசானியின் தமிழும் இல்லை. அது அவருடைய தமிழ். அவர் எழுதுகிற தமிழ். அவருடைய பேனாவின் ஏற்ற இறக்கம்.

பூவம்மாள் சிரித்தாள். "ஐயோ, உங்க ஆபீஸ் ஆளாங்க இவங்க? உங்கள மாதிரியே பேசறாங்க."

உருவம் காத்திருந்தது. அவசரமில்லாமல். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை.

தெரியாது. அந்த ஒரு வார்த்தை போதும். கன்னியப்பன் சொன்னார், போய்விட்டது. சொன்னால் போய்விடும். சொன்னால் அந்தத் தாளும் போய்விடும். அதை நம்பியிருக்கும் வீடும் போய்விடும். நாளை மறுநாள் சட்டி பானையை வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்கப்புறம் எங்கோ ஒரு வாடகை வீடு, எங்கோ ஒரு நாற்காலி. அதில் பூவம்மாள். மடியில் இரண்டு கை.

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

பூவம்மாள் ஒரு கையை எடுத்துப் பின்னால் நீட்டினாள். பழக்கத்தில். சுவர் இருக்கிறதா என்று பார்க்கிற கை. கோடு இருந்த இடத்திலேயே அது போய் நின்றது. அவள் தோள் லேசாகத் தளர்ந்தது.

"தெரியும்" என்றார் கோதண்டபாணி.

"நேரிலா?"

"நேரில்."

உருவம் படியேறி உள்ளே வந்தது. அடுப்பின் நீலச் சுடரருகே நின்று அவர் பக்கம் திரும்பியது. அவர் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நேரில் தெரியும் என்று சொன்ன ஆள். முகம் இருக்க வேண்டிய இடத்தில், அவளைப் பற்றி அவருக்கு என்ன தெரியுமோ அது இருந்தது.

ஒன்றுமில்லை.

கண் இல்லை. மூக்கு இல்லை. உதடு இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை வழவழவென்று, சுண்ணாம்பு பூசியதைப் போல் ஒரு வெள்ளை. அது அவரைக் கடந்து நடைவழியில் போய், கூடத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தது. ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியதை அனுபவிக்க வந்தவள் மாதிரி, கவுனைச் சரி செய்துகொண்டு, சாவகாசமாக.

அவ்வளவுதானே என்று அவருக்குள் ஒரு நப்பாசை சொன்னது. ஒரு நாற்காலி. இருந்துவிட்டுப் போகட்டும். கன்னியப்பன் கையெழுத்தை இன்னும் அடிக்கவில்லை; பட்டா வரும். பூவம்மாளுக்குக் கண் தெரியாது. சமாளிக்கலாம்.

"சார்."

பின்வாசலில் ஒரு ஆண்.

"நரசிம்மலு, தகப்பனார் பெயர் வெங்கடப்பன். ஷை நபரைத் தாங்கள் நேரில் அறிவீர்களா?"

யார் நரசிம்மலு? எங்கேயோ எழுதிய பெயர். நெமிலிக்காரர்களோ யாரோ வந்தார்கள், செத்ததற்குச் சான்று இல்லை என்றார்கள், அழுதார்கள். அவர்கள் அழுகிறார்களே என்று இரக்கப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அப்படித்தான் ஒவ்வொன்றும். முப்பத்தோரு வருடம். வாரத்துக்கு எத்தனை. ஒவ்வொரு தாளிலும் 'நேரில் நன்றாகத் தெரியும்' என்ற அந்த வரி. ஒரு முகம் கூட நினைவில்லை. ஒரு முகத்தையும் அவர் பார்த்ததில்லை.

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே சொல்லியாயிற்று, எழுத்தில். உள்ளே வந்தான். வழவழ வெள்ளை. அவனுக்குப் பின்னால் ஒரு பெண், கைக்குழந்தையோடு. குழந்தைக்கும் அப்படியே.

"இன்னாங்க, இவ்ளோ பேரா?" என்றாள் பூவம்மாள். "சொல்லவேயில்ல நீங்க. உக்காரச் சொல்லுங்க." அவள் கை நீண்டது, சுவரைத் தேடி. சுவர் கிடைக்கவில்லை. அங்கே நின்ற ஒருவனின் முகம் கிடைத்தது. கை அதன்மேல் வழுக்கி, அடுத்த முகத்துக்குப் போனது. அடுத்தது. அவள் நெற்றி சுருங்கியது. பிறகு விரிந்தது.

"ஏங்க. இங்க எப்போ செவுரு கட்னாங்க?"

"பூவு, நில்லு."

"வழவழன்னு நல்லா இருக்குது."

அவள் நடந்தாள். இடது கை முகங்களின்மேல் ஓட, பின்வாசல் படியைக் காலால் தொட்டுப் பார்த்து இறங்கினாள். நான்கு வருடமாகத் துணையில்லாமல் அவள் தாண்டாத படி. அவர் பாய்ந்தார். வாசலில் ஒருவர் குறுக்கே நின்றார். தகப்பனார் பெயர் சொன்னார். கோதண்டபாணி அவரை ஒதுக்கப் பார்த்தார். இன்னொருவர். தாத்தா வயது. இன்னொருவர். எல்லோரும் மரியாதையாக, வரிசை தவறாமல், ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவர். தொட்டால் காகிதம். தள்ளினால் நகரவில்லை.

அவர்கள் தோள்களுக்கு மேலாகத்தான் அவரால் பார்க்க முடிந்தது.

வரிசை பின்வாசலிலிருந்து பங்களா மேட்டில் ஏறி, கிடங்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில் பாலாற்று மணலுக்குள் இறங்கிப் போனது. முடிகிற இடம் தெரியவில்லை. மணலில் வெகு தூரத்தில் பூவம்மாள் நடந்துகொண்டிருந்தாள். தடுமாறாமல். நிற்காமல். கண் இருந்த நாட்களில் நடந்ததைப் போலவே.

"பூவு!" என்று கத்தினார்.

அவள் திரும்பவில்லை. வரிசையிலிருந்த ஒவ்வொரு வெள்ளை முகமும் அவர் பக்கம் திரும்பியது. அந்த முகங்களின்மேல், ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக, அவள் கை போய்க்கொண்டே இருந்தது.